முந்தின ஆளுடைய வரி

வேலைக்கு மனுப் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு நினைப்பு உண்டு. தன் கஷ்டத்தை உருக்கமாக எழுதிவிட்டால் போதும், படிக்கிற மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று. கொடுப்பார், கொடுப்பார், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த நினைப்போடு லெட்டர் அக்காவிடம் போனவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்பினார்கள்.

"உங்க கதை அவருக்கு எதுக்குங்க? அவருக்கு ஒரு தலைவலி இருக்கு, அதனாலதான் ஆள் தேடுறார். அந்தத் தலைவலி உங்களால தீரும்னா அதை முதல் வரியில சொல்லுங்க. 'கடின உழைப்பாளி'ன்னு எழுதாதீங்க. ஊர்ல சோம்பேறின்னு எழுதிக் கொடுத்தவன் எவன் இருக்கான்? என்ன வேலை செஞ்சீங்க, எத்தனை நாள் செஞ்சீங்க, அதைச் சொல்லுங்க. அவர் கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள படிச்சு முடிக்கணும். அவ்வளவுதான் கவர் லெட்டர்."

பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருந்த ஜெராக்ஸ் கடையின் பின்மூலைதான் அவளுடைய இடம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருந்தாள். டிரைவர், நர்ஸ், காவலாளி, கணக்கர் என்று அவள் லெட்டரை எடுத்துக்கொண்டு போய் வேலையில் உட்கார்ந்தவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. லெட்டர் அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

அவளிடம் ஒரு கெடுபிடி இருந்தது. அச்சடித்த லெட்டரை அப்படியே கையில் கொடுக்க மாட்டாள். சத்தமாக ஒரு தடவை படிப்பாள். பிறகு இன்னொரு தடவை படிப்பாள். கேட்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்ட வேண்டும்.

"பஸ் போயிடும் அக்கா."

"போகட்டும். அடுத்த பஸ் வரும். ஆட்டுங்க தலையை."

ஜெராக்ஸ்காரர் முன்பக்கம் நின்றபடி இதைக் கேட்டுச் சிரிப்பார். "நீ லெட்டர் எழுதுறியா, இல்ல சத்தியம் வாங்குறியா" என்பார். அவள் அடுத்த வரியைப் படிப்பாள்.

இந்தக் கெடுபிடி ஆரம்பத்தில் இருந்ததில்லை. முதல் ஐந்து வருஷம் அவளைப் போல மளமளவென்று லெட்டர் அடித்துக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அதற்கு அவள் வைத்திருந்த வழி சுலபமானது. புதுப் பக்கமே திறக்க மாட்டாள். வெறும் பக்கத்தைப் பார்த்தால் அவளுக்குக் கை ஓடாது. அதனால் கடைசியாக யாருக்கு எழுதினாளோ அந்த லெட்டரைத் திறப்பாள். அவர் பெயரை அழித்து இவர் பெயர், அவர் வேலையை அழித்து இவர் வேலை, அவர் சொன்னதை அழித்து இவர் சொன்னது. கால் மணி நேரத்தில் ஆள் மாறிவிடும். இப்படி ஒருவர் மேல் ஒருவராக எழுதிக்கொண்டே போனாள். எல்லாம் ஒரே பக்கம்தான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை பெயின்டர் ஒருவர் வந்தார். பல மாடிக் கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவர். அவருக்காக அக்கா யோசித்து ஒரு வரி எழுதினாள். 'எவ்வளவு உயரமானாலும் தயங்காமல் ஏறி வேலை செய்வேன். உயரம் எனக்குப் பழக்கம்.' பெயின்டருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு மத்தியானம் அவளுடைய தம்பி வந்தான். ஊருக்கு வெளியே இருந்த பெரிய கிடங்கில் சரக்குக் குறித்துக்கொள்ளும் வேலை ஒன்று காலியாக இருந்தது. மூன்று மணிக்குள் மனு கொடுக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து ஜெராக்ஸ்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான். வரிசையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவள் பெயின்டருடைய லெட்டரைத் திறந்து, அவர் பெயரை அழித்து, தம்பி பெயரை எழுதி, இங்கே ஒன்று அங்கே ஒன்று மாற்றி அச்சடித்து நீட்டினாள்.

"படிச்சுப் பாருடா."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். கையெழுத்து எங்க?"

அவன் படிக்கவில்லை. பெயின்டருடைய அந்த வரி அடியில் அப்படியே இருந்தது.

உயரத்துக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அக்காதான் நாற்காலி மேல் ஏறுவாள். அவன் கீழே நின்று நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். மீசை முளைத்த பிறகும், கல்யாணம் ஆகி ஒரு பெண் பிறந்த பிறகும் அப்படித்தான். "வீட்டுக்கு ஆம்பளை" என்று அக்கா மேலே நின்றபடி கிண்டல் செய்வாள். "பேசாம மாத்து, எனக்கு இங்கிருந்து பாக்கவே கிறுகிறுங்குது" என்பான்.

வேலை கிடைத்துவிட்டது. பதினான்கு பேரில் அவனை மட்டும் எடுத்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என் லெட்டர்தான், என் லெட்டர்தான் என்று வாய் ஓயாமல் சொன்னாள். சேர்ந்த மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவன் கடைக்கு வந்தான். வழக்கம்போல வரிசையில் ஆள் நின்றது.

"அக்கா, அங்க என்னையே மேல ஏறச் சொல்றாங்க. கூரை வரைக்கும் அடுக்கியிருக்கான். நான் ஏதோ எழுதிக் கொடுத்திருக்கேன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. எனக்குக் காலே நடுங்குது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புது ஆளை அப்படித்தான்டா வெரட்டுவாங்க. ஏறு. ரெண்டு நாள் ஏறினா பயம் போயிடும்."

"ஏறட்டுமா?"

"ஏறுடா, வேலையைக் கெடுத்துக்காத."

புதன்கிழமை அவன் விழுந்தான்.

அவன் செத்த பத்தாம் நாள் கிடங்கு அலுவலகத்துக்குக் குடும்பத்தைக் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். மேனேஜர் ஒரு கோப்பைத் திறந்து, "எங்க மேல தப்பு சொல்லாதீங்க, அவரே எழுதிக் கொடுத்திருக்காரு" என்று அந்த வரியை எல்லார் முன்னாலும் படித்தார். அவனுடைய பயம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "வேலைக்காகப் பொய் எழுதிட்டானே பாவி" என்று அவனுடைய பெரியப்பா முனகினார். அந்த வரி யாருடையது என்று தெரிந்தவள் அந்த அறையில் ஒருத்திதான். வாயைத் திறந்தால் போதும். அவள் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள், அந்த நாளைக்கு என்பது ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வரி வர ஆரம்பித்தது.

முதலில் ஒரு தையற்காரம்மாவின் லெட்டரில் வந்தது. எல்லாம் படித்து முடித்த பிறகு கடைசியில், 'எவ்வளவு உயரமானாலும் தயங்காமல் ஏறி வேலை செய்வேன்.' தையற்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊசியில நூல் கோக்க எங்க அக்கா ஏறணும்?" அக்காவும் சிரித்து வைத்தாள். அந்தம்மா போன பிறகு கைகால் ஓடவில்லை. அந்த வரியை அவள் அதற்கு முன்பே அழித்திருந்தாள். அழித்தது நன்றாக நினைவிருந்தது.

பிறகு ஒரு கணக்கருடைய லெட்டரில். ஒரு பள்ளி ஆயாவின் லெட்டரில். மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று ஜெராக்ஸ்காரரை நச்சரித்து வேறு வாங்க வைத்தாள். பழைய பக்கத்தையும் அதில் ஏற்றிக்கொண்டாள். புதுக் கம்ப்யூட்டரில் நாலாவது லெட்டரிலேயே வந்துவிட்டது. "அது மெஷின்ல இல்லம்மா, உன் கையில இருக்கு" என்றார் அவர். இருக்கலாம். சில நாள் அவளே தன் விரல்களைப் பார்த்திருக்கிறாள், யாரோ பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடிப்பது போல அவை போகும். பக்கத்தில் ஸ்டூல்தான் இருக்கும். அதில் வாடிக்கையாளர் உட்கார்ந்து தன் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

புதுப் பக்கம் திறந்திருந்தால் ஒருவேளை இந்தத் தொல்லை விட்டிருக்கும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவளால் முடியவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் எங்கோ தம்பி இருந்தான். அவன் பெயரை அழித்துத்தான் அடுத்தவர் பெயரை எழுதினாள், அவர் மேல் இன்னொருவர், இவர்கள் எல்லாரும் அவன் மேல். அதை மூடிவிட மனசு வரவில்லை. அதனால்தான் இந்த இரண்டு தடவை படிக்கிற கெடுபிடி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வரியைத் தேடிப் பிடித்து அழிப்பாள். அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி மனைவி கடைக்குள் வந்தாள். பன்னிரண்டு வயது மகள் பள்ளிப் பையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு லெட்டர் வேணும்." புருஷன் கூப்பிட்ட மாதிரியே அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "கிடங்குல பேக்கிங் பிரிவுக்கு ஆள் எடுக்கிறாங்க. இன்னைக்கு அஞ்சரைக்குள்ள கொடுக்கணும்."

"எந்தக் கிடங்கு?"

"அதேதான்." தம்பி மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "வேற எங்க போறது அக்கா? நான் பேக்கிங் பண்ணிட்டிருந்த தையல் கம்பெனியை மூடி நாலு மாசம் ஆச்சு. ஒன்பது இடத்துல எழுதிப் போட்டுப் பாத்துட்டேன்."

அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி, தப்பு எத்தனை வரும். தம்பி மனைவி எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். ஆறு வருஷத்தில் அவள் கட்டிய பெட்டி ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்திருந்தது, அதுவும் விலாசம் தப்பு. இதைவிட ஒரு கவர் லெட்டருக்கு என்ன வேண்டும்? பழைய பக்கத்தைத் திறந்து அதையே முதல் வரியாக எழுதினாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும் நான் சொல்ற மாதிரியே எழுதிடுங்க."

"சொல்லு."

"அங்க இன்னும் அதே மேனேஜர்தான். பேரைப் பாத்ததும் தெரிஞ்சிடும். கேட்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா நல்லதுன்னு தோணுது." அவள் ஒரு சீட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். மெதுவாகப் படித்தாள். "'என் கணவர் உங்களுக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்து வேலை வாங்கினார். நான் அப்படிச் செய்ய மாட்டேன். இந்தக் கடிதத்தில் உள்ளது எல்லாம் உண்மை.'"

அக்கா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"இது வேண்டாம்மா."

"ஏன் அக்கா? உண்மைதானே. நான் அவரைக் குத்தம் சொல்லல. எங்களுக்காகத்தான் எழுதினாரு. ஆனா பொய் பொய்தானே?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவளைப் பாருங்க, போன வாரம் வகுப்புல ஏதோ சின்னப் பொய் சொல்லி மாட்டிக்கிட்டா. பெரியப்பா எல்லார் முன்னாடியும் சொல்றாரு, அப்பன் புத்தி எங்க போகும்னு. பிள்ளை ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம் என்கிட்ட வந்து, அம்மா, நானும் அப்பா மாதிரிதான் ஆவேனான்னு கேக்குறா. நான் என்ன சொல்ல?"

அக்கா வாசலைப் பார்த்தாள். பெண் படியில் உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதி, ரப்பரால் அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். தம்பியின் கழுத்து. முன்னால் குனியும்போது தோள் உயர்கிற விதமும் அவனுடையதுதான்.

மணி நாலே முக்கால்.

அந்தச் சீட்டில் இருந்ததை அடிக்க எத்தனை நேரம் ஆகும்? அரை நிமிஷம். அடித்துக் கொடுத்தால் தம்பி மனைவிக்கு வேலை கிடைக்கும்கூட, மேனேஜர்களுக்கு இந்த மாதிரி வரி பிடிக்கும். தம்பி பொய்யன் என்று ஏழு வருஷம் எல்லாரும் வாயால் சொன்னது போதாது, இனி அது அவனுடைய அக்கா கையாலேயே எழுதப்பட்டு அதே கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான். இதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேல் வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

பழைய பக்கத்தை மூடினாள். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன அக்கா, முதல்ல இருந்தா? நேரமாகுதே."

"முதல்ல இருந்துதான். உக்காரு."

அவள் அடித்தாள். ஒரு தடவைகூட நிறுத்தாமல், ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் அடித்தாள். அச்சடித்த தாளை எடுத்தபோது மணி ஐந்து. வழக்கப்படி படிக்க ஆரம்பித்தாள். ஆறு வருஷம், பெட்டிகள், திரும்பி வந்த ஒன்று. தம்பி மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அந்த இடம் வந்தது.

"'உங்கள் கோப்பில் என் கணவருடைய பழைய மனு இருக்கும். உயரம் ஏறுவேன் என்று அதில் உள்ள வரி அவர் எழுதியதல்ல, அவர் சொன்னதும் அல்ல. அந்த மனுவை டைப் செய்தவர் அவருடைய அக்கா. அவருக்கு முன்னால் வந்த பெயின்டருடைய வரியை அழிக்க மறந்துவிட்டார். என் கணவர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், அக்காவை நம்பினார். அவர் பொய் சொல்லவில்லை.'"

தம்பி மனைவியின் தலை ஆடவில்லை.

அக்கா வழக்கம் வழக்கம்தான் என்று இரண்டாவது தடவையும் முதலிலிருந்து படித்து முடித்தாள். அப்போதுதான் கவனித்தாள், ஜெராக்ஸ் மெஷின் ஓடவில்லை.

"ஏழு வருஷமா?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"ஆமா."

"அன்னைக்கு அந்த ரூம்ல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"ஆமா."

தம்பி மனைவி எழுந்தாள். அடித்துவிடுவாளோ என்று ஒரு கணம் தோன்றியது, அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அவள் நேராக வாசலுக்குப் போய் மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"அத்தை ஒண்ணு படிப்பாங்க. நின்னு கேளு." அக்காவைப் பார்க்காமலே சொன்னாள். "படிங்க. மூணாவது தடவை."

அக்கா படித்தாள். பெண் பள்ளிப் பையின் வாரைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அப்பா பொய் சொல்லல."

"இல்லடா கண்ணு. சொல்லவே இல்ல."

"அப்பாவுக்கு மேல ஏறப் பயமா அத்தை?"

"ரொம்ப. பல்பு மாத்தக்கூட நான்தான் ஏறுவேன். அவன் கீழ நின்னு நாற்காலியைப் பிடிச்சுப்பான்."

பெண்ணின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "அவ்வளவு பயம்னா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. ஏன் ஏறினாங்க?"

அந்தத் தாளில் இதற்குப் பதில் இல்லை. அதை மட்டும் அவள் எழுதவில்லை. மறந்து விட்டதல்ல, தெரிந்தேதான் விட்டாள். மறதியை மன்னித்தாலும் மன்னிப்பார்கள், இதை எப்படி? தெரியலையே கண்ணு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. தம்பி மனைவியும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏழு வருஷமாக அதே கேள்விதான்.

"என்கிட்ட வந்து சொன்னான்" என்றாள் அக்கா. "கால் நடுங்குதுன்னு சொன்னான். இந்த ஸ்டூல் பக்கத்துலதான் நின்னான். ஏறட்டுமான்னு கேட்டான். நான்தான் ஏறுன்னு சொன்னேன்."

தம்பி மனைவி குனிந்து மேசை மேலிருந்த பேனாவை எடுத்தாள். லெட்டரின் அடியில் கையெழுத்துப் போட்டாள். இரண்டாக மடித்து உறையில் வைத்தாள். மணி ஐந்தே கால், ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மகளின் தோளில் கைபோட்டு வாசல் வரை போனவள் அங்கே நின்றாள். திரும்பவில்லை.

"இப்ப சொன்னதையும் எழுதி வைங்க. அது இவளுக்கு. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அவர்கள் சாலையைக் கடந்து போவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தது. ஜெராக்ஸ்காரர் எதுவும் கேட்காமல், ஒரு டம்ளர் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு முன்பக்கம் போனார்.

அவள் இன்னொரு புதுப் பக்கம் திறந்தாள். ஏழு வருஷமாக அழைக்காமலே வந்த அந்த வரி, இப்போது வரட்டும் என்று விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அவளே எழுத வேண்டியிருந்தது. திங்கட்கிழமை, வரிசையில் ஆள், திரையிலிருந்து எடுக்காத கண், ஏறட்டுமா, ஏறுடா. பாதிப் பக்கம்கூட ஆகவில்லை.

அச்சடித்து எடுத்தாள். ஸ்டூல் காலியாக இருந்தது. அதைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடை வழக்கப்படி, சத்தமாக இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.